எச்சில் தண்ணீரும் புலி நகமும்

மிருகங்களுக்கெல்லாம் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், புலியின் நகங்கள் எப்போதும் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தன. ஆற்று மட்டி என்ற சிப்பியோ தன் ஓடுகள் இரண்டையும் விரியத் திறந்துபோட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு கிடக்கும்.

கருமடு என்ற ஆற்று மடுவின் கரையில் ஒரு தாய்ப்புலி இருந்தது. அதற்கு ஒரே குட்டி. குட்டிக்குக் காய்ச்சல் கண்டு, அது இரையைத் தொடவில்லை. மடுவின் தெளிந்த தண்ணீர் ஒன்றுதான் அதன் வயிற்றில் தங்கியது.

ஒருநாள் காலையில் குட்டியைத் தண்ணீருக்குக் கூட்டிவந்த புலி, கீழே குனிந்து பார்த்தது. அடிமணலில் மட்டிகள் கூட்டமாக உட்கார்ந்து, தண்ணீரை உறிஞ்சுவதும் திரும்ப வெளியே விடுவதுமாக இருந்தன. புலிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"உன் எச்சிலையா என் பிள்ளை இத்தனை நாளும் குடிச்சுது?"

கரையோரம் இருந்த மட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தது. புலி எங்கே கேட்டது? தன் குலமென்ன பலமென்ன, பல்லில்லாமல் ஒற்றைக் காலோடு சேற்றில் கிடக்கும் இதன் தரமென்ன என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்தது. பிறகு நகத்தால் மணலைக் கிளறி, மட்டிகளையெல்லாம் வாரிக் கரையில் எறிந்தது. மடு சுத்தமாகிவிட்டதாம். வாலை உயர்த்திக்கொண்டு நடந்து போனது.

மறுநாளே மடு கலங்கியது. பாசி பிடித்து நாறியது. குட்டி குடித்ததையெல்லாம் கக்கிவிட்டுக் கண் செருகிக் கிடந்தது. புலி பதறிப்போய்த் தவளையிடம் காரணம் கேட்டது. அழுக்கைத் தாங்கள் தின்றுவிட்டுத் தெளிவை வெளியே விட்டவை அந்த மட்டிகள்தான் என்றது தவளை. அதோடு நிறுத்தவும் இல்லை.

"நீங்களும் நானும் நக்கிட்டுப் போன எச்சிலத்தான் அதுங்க குடிச்சுதுங்க, புலியம்மா."

புலி கூனிக் குறுகிப் போனது. கரைக்கு ஓடிப் பார்த்தால், பாதி மட்டிகள் வெயிலில் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. நாணல் நிழலில் விழுந்தவற்றுக்கு மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. தூக்கப் போனால் நகம் சதையில் ஏறியது, மட்டி துடித்தது. புலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நகங்களை விரலுக்குள்ளே இழுத்தது. உயிர் போகிற வலி. வெறும் பாதத்தில் ஒவ்வொன்றாக ஏந்தி மடுவில் விட்டது.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றது.

மட்டி ஓடுகளை இறுக மூடி மணலுக்குள் இறங்கியது. ஆனால் வேலையை விடவில்லை. தண்ணீர் தெளிந்தது, குட்டி பிழைத்தது. திட்டியிருந்தால்கூடப் புலிக்கு ஆறியிருக்கும்.

அன்று முதல்தான் புலி நடந்த தடத்தில் நகம் பதிவதில்லை. காலடி அதிர்ந்தாலே மட்டி மூடிக்கொள்கிறது. அதன் முகத்தில் விழிக்க மாட்டாமல், புலி இன்றைக்கும் பின்பக்கமாகத்தான் தண்ணீரில் இறங்குகிறது.