பொக்கிஷதார் பூட்டிய கோழிக்கூடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் கோழிப் பைத்தியம் பிடித்தது. கப்பல் வியாபாரி ஒருவன் காணிக்கையாகக் கொடுத்த புள்ளிக் கோழிகளுக்கு அரண்மனைக் கொல்லையில் மூங்கில் கூடு கட்டச் சொன்னார். விடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் விகடகவி பிச்சாண்டிக்கும் ஒரு முக்காலி. இருவரும் சிரிக்கிற சத்தம் கஜானா வரைக்கும் கேட்கும்.

கஜானாவைக் காக்கும் பொக்கிஷதார் வேதவனத்துக்கு அந்தச் சிரிப்பு காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. தலை நரைக்க உழைத்தவர் அவர். ஒரு நாளாவது, "வாரும் வேதவனம், உட்காரும்" என்று ராஜா சொன்னதுண்டா? நேற்று வந்த கோமாளிக்கு முக்காலியாம். பொறாமையிலேயே மனிதர் பாதியாய் இளைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு மரநாய் கூட்டுக்குள் புகுந்து கோழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. "என் கோழிகளைக் காப்பவர் யார்?" என்று சபையில் கேட்டார்.

வேதவனம் எழுந்தார். "மன்னா, கோழிகளோடு கொஞ்சிக் குலாவும் பிச்சாண்டியே தகுந்தவர். கஜானாவை எப்படிக் காக்கிறோமோ அப்படியே கூட்டையும் காக்கட்டும். இன்னும் ஒரு கோழி குறைந்தால் அவர் நாட்டைவிட்டே போகட்டும்."

"பொக்கிஷதார் சொன்னபடியே, இம்மியும் பிசகாமல் செய்கிறேன், மன்னா" என்றான் பிச்சாண்டி. ராஜாவும் உத்தரவு கொடுத்தார்.

மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து வேதவனம் கொல்லைக்குப் போனார். கூட்டின் பின்பக்கம் ஒரு மூங்கில் பட்டையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார். மரநாய் நுழைய அது போதும். முக்காலி இனி நமக்குத்தான் என்ற நினைப்பில் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

கோழி அடையும் நேரத்தில் பிச்சாண்டி காவலர்களோடு அவர் வாசலில் வந்து நின்றான். "பொக்கிஷதாரே, கூட்டைப் பூட்ட வரவேண்டும்."

"கோழிக்கூட்டுக்கு நான் எதற்கு?"

"கஜானாவைத் தாங்கள்தானே கையால் எண்ணி, பூட்டி, முத்திரை வைக்கிறீர்கள்? புது நிதி வந்தால் இரவெல்லாம் கூடவே இருந்து காவல் காக்கிறீர்கள். குறைந்தால் தங்கள் தலைக்கு ஆபத்து. அதுதானே நம் வழக்கம்? கோழிகளும் புதிதாக வந்தவைதான்."

வேதவனம் அவர்களோடு கொல்லைக்குப் போனார். பட்டு அங்கவஸ்திரத்தோடு கோழிகளைத் துரத்திப் பிடித்து எண்ணி உள்ளே விட்டார். பட்டையைக் கட்டலாம் என்றால் காவலர்கள் பார்க்கிறார்கள். அவிழ்ந்திருக்கிறது என்று சொன்னால், அவிழ்த்தது யார் என்று கேட்பார்கள். பேசாமல் பின்பக்கம் போய் ஓட்டையில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து கோழிகள் முதுகைக் கொத்தின. வெளியிலிருந்து மரநாய் சீறியது. அவர் அசையவில்லை.

விடிந்ததும் ராஜா வந்தார். கோழிகள் ஒன்றும் குறையவில்லை. தலைப்பாகையெல்லாம் எச்சமாக வேதவனம் உட்கார்ந்திருந்தார்.

"வாசலை விட்டுப் பின்பக்கம் ஏன் காவல்?" என்று கேட்டார் ராஜா.

"மன்னா, எந்த இடத்தில் காவல் தேவை என்பது பொக்கிஷதாருக்குத்தான் தெரியும். அவரை எழுந்திருக்கச் சொல்லுங்கள்" என்றான் பிச்சாண்டி.

வேதவனம் எழுந்தார். பட்டை தொப்பென்று விழுந்தது. அவர் முகத்தையும் ஓட்டையையும் மாறிமாறிப் பார்த்த ராஜாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார்.

பிறகு கூட்டின் பக்கம் கையைக் காட்டி, "வாரும் வேதவனம், உட்காரும். இனி ராத்திரிதோறும் இதுதான் உமது இடம்" என்றார்.

எத்தனை வருஷமாக ஏங்கிய வார்த்தை அது. வேதவனம் ஓட்டையில் முதுகை வைத்து உட்கார்ந்தார். அப்போதும் அவர் கண் பிச்சாண்டியின் முத்துமாலை மேலேயே இருந்தது.