நீர்க்காகம் கொடுத்த எண்ணெய்

பறவையும் மீனும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு பெரிய பட்டணத்தின் நடுவே ஓடிய ஆற்றில் சின்னதாக ஒரு தீவு இருந்தது. மொத்தம் நாற்பது வீடு. ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, ஒரு மளிகைக் கடை, பூவரச மரத்தடியில் முடிவெட்ட ஒருவர். மற்ற எதற்கும் பட்டணத்துக்குத்தான் போகவேண்டும். போக ஒரே ஒரு படகு. அதை ஓட்டியவள் பொன்னுருவி.

அவள் படகின் முனையில் எப்போதும் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும். அப்போதெல்லாம் வாத்தைப் போலவே நீர்க்காகத்துக்கும் வாலடியில் எண்ணெய் ஊறும். அதை அலகால் தொட்டுச் சிறகில் பூசிக்கொண்டால் தண்ணீர் ஒட்டவே ஒட்டாது. அந்த மினுமினுப்பில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு சித்திரையில் தீவில் கல்யாணம். ஒரு வாரம் யாரும் அக்கரை போகவில்லை. கரையில் ஏற்றிவைத்த படகு வெயிலில் காய்ந்து, பலகைகளுக்கு நடுவே விரிசல் விட்டதை யாரும் கவனிக்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் காலை அக்கரையில் தண்டோராச் சத்தம் கேட்டது. ஆற்று நடுவே ஆளில்லாமல் கிடக்கும் திட்டில் நாளை முதல் பட்டணத்துக் குப்பை கொட்டப்படும். யாராவது குடியிருந்தால் இன்று பொழுது சாய்வதற்குள் சாவடிக்கு வந்து சொல்லவேண்டும்.

எல்லாரும் கரையில் நின்று கத்திப் பார்த்தார்கள். சந்தை இரைச்சலில் ஒன்றும் எடுபடவில்லை. நீந்தலாம் என்றால் ஆற்றின் இழுப்பு நேராகக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நீர்க்காகம் தானே பறந்துபோய்ச் சாவடி அதிகாரியிடம் சொன்னது. அவர் ஏட்டைப் புரட்டி, அங்கே பறவைகள் இருப்பது தமக்கு முன்பே தெரியும், மனிதர் இருந்தால் மனிதர் வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பொன்னுருவி விரிசலில் பஞ்சை அடைத்தாள். அதன்மேல் குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூசவேண்டும். குங்கிலியம் இருந்தது. எண்ணெய்தான் இல்லை. கடைக்காரர் தலையைச் சொறிந்தார். கடைசிச் சொட்டுவரை கல்யாணத்துக்கு அதிரசம் சுட்டாகிவிட்டதாம். வீடு வீடாகக் கேட்டும் அதே பதில். அவள் சோர்ந்துபோய்ப் படகடியில் உட்கார்ந்தாள்.

“என்னோடதை எடுத்துக்கோ அக்கா” என்றது நீர்க்காகம்.

“கொஞ்சம் எடுத்தா காணாதுடா. மொத்தமும் வேணும். அப்புறம் உனக்கு ஊறவே ஊறாது.”

நீர்க்காகம் தன் சிறகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டது. பிறகு சொன்னது: “குப்பைமேட்டுல மினுமினுன்னு உட்கார்ந்து என்ன பண்ணப் போறேன்? எடு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். உச்சி சாயும்போது படகு தண்ணீரில் இறங்கியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மாலை வாடாத மாப்பிள்ளையையும் பெண்ணையும் முன்னால் உட்காரவைத்து, கொள்ளும் மட்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவள் துடுப்புப் போட்டாள். மஞ்சள் கயிறு மணக்க நின்ற பெண்ணைப் பார்த்ததும் அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குப்பை உத்தரவை அடித்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். பொன்னுருவி கூச்சப்படாமல் கேட்டாள். இன்னொரு படகு கிடைத்தது; வாரம் ஒருமுறை வந்துபோக ஒரு வைத்தியரும் கிடைத்தார்.

திரும்பும் வழியில் நீர்க்காகம் பழக்கதோஷத்தில் தண்ணீருக்குள் பாய்ந்தது. சிறகெல்லாம் நனைந்து கனத்து, கல்லைப் போல அடிவரைக்கும் போய்விட்டது. பொன்னுருவி துடுப்பை விட்டுவிட்டுத் தண்ணீரை எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அது வாயில் ஒரு பெரிய கெளுத்தியோடு மேலே வந்து, தட்டுத்தடுமாறி ஆற்றில் நட்டிருந்த ஒரு கழியில் ஏறி நின்றது.

“குளிருதாடா?”

“ஈரமா இருக்கு, அவ்வளவுதான்” என்றது, மீனை விழுங்கிவிட்டு. “ஆனா அக்கா, அடியில எவ்வளவு மீன் இருக்கு தெரியுமா?”

சொல்லிவிட்டு இரண்டு சிறகையும் வெயிலுக்கு விரித்துக் கொடுத்தது.

நீர்க்காகம் மற்றப் பறவைகள் எட்டாத ஆழத்துக்கு முங்குவதும், கரையேறியதும் சிறகை அகல விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்பதும் அன்றிலிருந்துதான்.