கிடா துலுக்காத திருவிழா

கிட்ட வந்து உட்காருங்கள், தூரத்தில் இருந்தால் பாதிதான் காதில் விழும். ஆடும் மாடும் மனுஷரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலுக்கு அப்பால் யவன நாட்டில் ஒரு மலையூர். அங்கே தேரோன் என்கிற தோட்டக்காரரின் திராட்சைக் கொடியை ஒரு கிடா மேய்ந்துவிட்டது. மதுவுக்கு உரிய சாமியின் திருவிழாவில் அதை வெட்டிவிடுவது என்று ஊர் முடிவு செய்தது.

அங்கேயும் நம்மைப் போலத்தான். தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறித் துலுக்கினால்தான் சம்மதம், அப்புறம்தான் கத்தி இறங்கும்.

தண்ணீர் தெளிக்கிற வேலை லைக்கோனுக்கு. வட்டமாக நின்று பாடுகிற பன்னிரண்டு பேரில் அவன் ஒருத்தன். பாட்டில் அடி மறந்துபோனால் சும்மா வாயை அசைப்பவன். மூன்று செம்பு ஊற்றிப் பார்த்தான். கிடா கல்லு மாதிரி நின்றது.

"துலுக்குகிறேன் தம்பி," என்றது. "அதற்கு முன்னால் உங்களில் ஒருத்தன் நானாக நின்று என் கதையைச் சொல்லட்டும். நானே சொன்னால், ஆடு கத்துகிறது என்பீர்கள்."

ஒரு மனுஷன் ஆடாக நிற்பது எப்படி? லைக்கோனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் செம்பு இருந்த பாவத்துக்கு அவனையே நடுவில் தள்ளினார்கள். வெட்கம் தாங்காமல், மதுவுக்குப் பிழிந்து போட்டிருந்த திராட்சைச் சக்கையை முகத்தில் அப்பிக்கொண்டான்.

"நான்தான் தின்றேன்," என்றான்.

தேரோன் தடியோடு அவன்மேல் பாய்ந்தார். அது கிடாவின் பேச்சு என்று சொல்லி நாலு பேர் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. லைக்கோனின் நாக்கு அதுபாட்டுக்கு ஓடியது. மழை பொய்த்த வருஷம், மலையெல்லாம் காய்ந்து கிடந்தது, பிறந்து ரெண்டு நாளான குட்டிக்கு மடியில் பால் வற்றிவிட்டது, பச்சையாய் இருந்தது அந்தக் கொடி ஒன்றுதான் என்றான். கூட்டத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"டேய், அது கிடாடா. மடி ஏது, குட்டி ஏது?" என்றாள் அவன் அக்கா மிர்ட்டோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

லைக்கோன் திகைத்தான். அந்தக் குட்டி எங்கிருந்து தன் வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. தேரோன் தடியைக் கீழே போட்டார். கொடியைப் பறிகொடுத்தவர் அவர். எல்லாரையும்விட அதிகமாக அழுதவரும் அவர்தான்.

"அது கிடக்கட்டும்மா," என்றார். "தம்பி, குட்டி பிழைச்சுதா?"

ஊரே லைக்கோனின் வாயைப் பார்த்தது. வெட்டுகிறவனும் கத்தியைத் தரையில் வைத்துவிட்டுப் பார்த்தான்.

அன்று முதல்தான் யவன நாட்டில், ஒருத்தன் முகத்தை மறைத்துக்கொண்டு இன்னொருத்தனாக நிற்க, பொய் என்று தெரிந்தே ஊர் கூடி அழுகிற கூத்து உண்டாயிற்று; அதற்கு ஆட்டுப் பாட்டு என்றே பேர். கிடாவோ, குட்டி பிழைத்ததா என்று கேட்க நிற்கவில்லை. கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டு, அழுகிற கூட்டத்துக்குள் "கொஞ்சம் வழி விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே மலையேறிப் போய்விட்டது.