அன்செல்மோ கண்டுபிடித்த கரை

மத்தியதரைக் கடலோரத்தில் பழைய கோட்டை ஊர் ஒன்று. அங்கே ரொட்டி சுடும் ஓர்சோலாதான் குரு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் புதிதாய் வந்த அன்செல்மோ சீடர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். ஞானத்துக்கு வயசு ஏது?

கோடையில் ஒருநாள் பாறை இடுக்கில் இறங்கிப் போன அன்செல்மோ, ஆளரவமே இல்லாத ஒரு கூழாங்கல் கரையைக் கண்டார். அலை திரும்பும்போதெல்லாம் கற்கள் கலகலவென்று உருண்டன. கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் கால் நகம் தெரிந்தது. மனிதர் குழந்தையாகிவிட்டார்.

அன்றுமுதல் தினமும் போனார். யாரிடமும் மூச்சு விடவில்லை. "எங்கே போய் வருகிறீர்கள்?" என்று குரு கேட்டால், "தேவாலயத்துக்கு" என்றார்.

ஊர்க் குழந்தைகளோ துறைமுகத்தில், படகு எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் குளித்தார்கள். பாவம், விவரம் தெரியாத சனங்கள் என்று முதலில் சிரித்துக்கொண்டார். ஒரு மாதம் போனதும் சிரிப்பு வரவில்லை. இருப்புக் கொள்ளாமல் குருவிடம் வந்தார்.

"குருவே, ஒருவனுக்குப் புதையல் கிடைத்தது. சொன்னால் கூட்டம் வந்துவிடும். சொல்லாவிட்டால் தொண்டையில் முள்ளாய்க் குத்துகிறது. அவன் என்ன செய்ய?"

குரு கையில் ஒட்டிய மாவைத் தட்டினார். "வாருங்கள்."

நேரே அந்தக் கரைக்கே இறங்கினார். தலைத்துணியை அவிழ்த்து, திரும்பிப் பாராமலே பின்னால் பாறையில் இருந்த ஆணியில் மாட்டினார். அந்த ஆணியை அன்செல்மோ அன்றுதான் பார்த்தார்.

"உங்களுக்கு இந்த இடம் தெரியுமா?"

"நீச்சல் பழகியதே இங்கேதான்."

"ஊருக்கு?"

"ஊருக்கே தெரியும்."

"பிறகு ஏன் ஒருவரும் வரவில்லை?"

"நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்களே! புதிதாக ஒருவர் கண்டுபிடித்தால், அவராகச் சொல்லும்வரை ஊர் இந்தப் பக்கம் வராது. எங்கள் வழக்கம்."

"சாதாரணமாக எத்தனை நாளில் சொல்வார்கள்?"

"மூன்று நாள்."

அன்செல்மோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "உங்களிடம் பொய் வேறு சொன்னேனே!"

"தேவாலயம் போய்த் தினமும் தலை நனைந்து வந்த பக்தர் நீங்கள் ஒருவர்தான்."

அடக்க முடியாமல் அன்செல்மோ சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு திடுக்கிட்டு நிறுத்தினார்.

"இப்போது நான் போய் எதைச் சொல்ல? எல்லோருக்கும் தெரிந்ததாயிற்றே!"

குரு அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தார்.

"ஓடிப்போய்ச் சொல்லுங்கள். ‘அப்படியா, எங்கே?’ என்று கேட்க, ஒரு மாதமாய் ஊரே துண்டும் கையுமாக நிற்கிறது."