பூசணிக்காய்க்கு மானியம்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைக் குலோத்தமன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். காலையில் ஒரு உத்தரவு போடுவார். சாப்பிட்டு எழுந்ததும் அதை மாற்றுவார். சாயங்காலம் இரண்டையும் மறந்துபோவார். அப்படியும் நாடு நடந்தது என்றால், அமைச்சர் தில்லைநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு நடத்தியதால்தான்.

அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் களிமண்ணில் மதகும் மூங்கிலில் பாலமும் செய்வார்கள். பெரிய வகுப்புக்குப் போனால் கப்பி, ஏற்றம், நீர்ச்சக்கரம். மரமும் கயிறும் உளியும் அரண்மனை மானியத்தில் வரும். வருஷா வருஷம் ஆடிப்பெருக்கன்று ராஜா முகம் மழித்து, புது வேட்டி கட்டி, ஏரிக்கரைக்குப் போய் அந்த மானியத்துக்கு முத்திரை வைப்பார்.

இந்த வருஷம் கருவூலத் தலைவர் விருத்தகிரி குறுக்கே விழுந்தார். தில்லைநாயகி எதைத் தொட்டாலும் துலங்குகிறதே என்று அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளுக்கு உளி எதற்கு? செய்வதெல்லாம் உடைகிறது. அத்தனையும் தண்டம். அந்தப் பணத்தில் ஒரு மண்டபம் கட்டுவோம். பொறியியல் நூல்களைப் பாட்டாக மனப்பாடம் செய்யட்டும். மீசை முளைத்த பிறகு கருவியைத் தொட்டால் போதும்."

மண்டபம் என்றதும் ராஜாவின் முகம் மலர்ந்தது. "வாசலில் என் சிலை வருமா?"

"இரண்டு வரும் மகாராஜா."

தில்லைநாயகி எழுந்தாள். "போன மழையில் ஏரி ஏன் உடைந்தது மகாராஜா? காவலுக்கு இருந்தவர் மதகு நூலை ஒரு எழுத்து விடாமல் ஒப்பிப்பார், மதகைத் தொட்டுப் பழகியதில்லை. பலகையைத் தூக்க வேண்டிய நேரத்தில் இறக்கிவிட்டார். கீழ்த்தெரு முழுக்கத் தண்ணீரோடு போனது."

"அம்மணிக்கு எப்போதும் அழுகைக் கதைதான்," என்றார் விருத்தகிரி, மீசையைத் தடவியபடி. அரை முழம் மீசை. நெய் போட்டு வளர்த்தது.

"ஆடிப்பெருக்கன்று மண்டபத்துக்கே முத்திரை," என்று ராஜா எழுந்துவிட்டார்.

இவரோடு வாதாடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை என்று தில்லைநாயகிக்குத் தெரியும். ஆனால் பட்டறைகளை மூட விடுவதாக இல்லை. இன்னொரு கீழ்த்தெரு போவதற்கு அவள் அமைச்சராக இருக்கவில்லை. நேரே போய் அரண்மனை நாவிதர் மருதனாரைப் பார்த்தாள். அப்படியே விருத்தகிரியின் செல்ல மாணவனும் ஒப்பிப்பதில் சூரனுமான ஏகாம்பரத்தையும் பார்த்தாள்.

ஆடிப்பெருக்கு வந்தது. ராஜா ஆசனத்தில் சாய்ந்து கழுத்தை நீட்டினார். கத்தியோடு வந்து நின்றவன் ஏகாம்பரம்.

"மருதன் எங்கே?"

"பக்கத்து அறையில்தான் மகாராஜா," என்றாள் தில்லைநாயகி. "இவர் புதியவர். மழிக்கும் கலை மொத்தமும் இவருக்குத் தலைகீழ்ப் பாடம்."

ஏகாம்பரம் கண்ணை மூடி ராகம் போட்டுப் பாட ஆரம்பித்தான். கத்தியைப் பிடிக்கும் கோணத்துக்கு ஒரு பாட்டு, தாடைக்கு ஒரு பாட்டு. பாட்டு பிரமாதம். கத்தியைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

"இருப்பா," என்றார் ராஜா. "இதற்கு முன் எத்தனை பேருக்கு மழித்திருக்கிறாய்?"

"மகாராஜாவுக்குத்தான் முதலில். கத்தியையே இன்றைக்குத்தான் தொடுகிறேன்."

ராஜா நாற்காலியோடு பின்னால் போனார். "அமைச்சரே, இது என்ன விளையாட்டு? என் கழுத்தா கிடைத்தது பழகுவதற்கு?"

"விளையாட்டில்லை மகாராஜா. தாங்கள் முத்திரை வைக்கப்போகிற திட்டம்தான். முதலில் பாட்டு, மீசை முளைத்த பிறகு கருவி. ஏரியின் கழுத்தை இப்படிப்பட்டவர் கையில் கொடுக்கலாம் என்றால், தங்கள் கழுத்தையும் கொடுக்கலாம் என்று நினைத்துவிட்டேன்."

விருத்தகிரி பாய்ந்து வந்தார். "மழிப்பு வேறு, பொறியியல் வேறு. என் மாணவன் எதையும் செய்வான்."

"அப்படியா?" என்றார் ராஜா. "இப்படி உட்காரும்."

"மகாராஜா, எனக்கு இரண்டு நாளாக ஜலதோஷம்..."

"உட்காரும் ஐயா."

ஏகாம்பரம் மூன்றாவது பாட்டின் நடுவில் இருந்தபோது இடதுபக்க மீசை முழுசாகக் கீழே விழுந்தது. பாட்டை மட்டும் அவன் நிறுத்தவே இல்லை.

ராஜா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு கேட்டார்: "மருதனும் ஒருநாள் முதல்முதலாகக் கத்தி பிடித்திருப்பான் அல்லவா? அப்போது யார் கழுத்து?"

"பூசணிக்காய், மகாராஜா," என்றாள் தில்லைநாயகி. "சின்ன வயதில் காயின் மேல் மாவைக் குழைத்துப் பூசி, தோல் கீறாமல் வழிக்கச் சொல்வார்கள். கீறாத காயே இருக்காது. மருதனார் வீட்டில் வருஷக்கணக்கில் பூசணிக்காய்க் கூட்டுதான். தண்டச் செலவு என்று அவர் அப்பா காய் வாங்காமல் இருந்திருந்தால், இன்று தங்கள் தாடையில் எத்தனை தழும்பு?"

ராஜா தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்து மானியம் அந்தப் பூசணிக்காய்தான் மகாராஜா. பிள்ளைகள் கையில் களிமண் மதகு உடையட்டும். எத்தனை வேண்டுமானாலும் உடையட்டும். ஏரி உடையக் கூடாது."

மருதனார் வந்து நிமிஷத்தில் மழித்துவிட்டுப் போனார். சாப்பாட்டுக்குப் பிறகு ராஜாவின் மனது எப்படித் திரும்புமோ என்று, கையோடு தில்லைநாயகி அவரை ஏரிக்கரைக்கு அழைத்துப்போனாள். இரட்டிப்பு மானியத்துக்கு முத்திரை விழுந்தது.

"கருவூலத்தாரே," என்றார் ராஜா, "நாளையிலிருந்து சின்ன வகுப்பில் உட்கார்ந்து, தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு மதகு செய்யும்."

"என் தகுதிக்கு அது..."

"மீசை முளைக்கும்வரை உமக்கு வேறு என்ன வேலை?"

விருத்தகிரி முட்டி வரை சேற்றோடு செய்த முதல் மதகு, தண்ணீர் ஊற்றியதுமே கரைந்து ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாண்டு ஒருத்தி தன் களிமண்ணில் பாதியைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள்.

"பரவாயில்லை தாத்தா. எனக்கும் நாலு உடைஞ்சுது."

அந்த வருஷம் மழை கொட்டியது, கரை நின்றது. கதை முடிந்தது, பூசணி காய்த்தது.