பூட்ஸ் கழற்றிய வாசல்

எந்தக் கோட்டை என்று கேட்காதீர்கள், கடலோரத்தில் ஒரு பீரங்கிக் கோட்டை. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இங்கிலீஷ்காரர்கள் அதைப் பிடித்த மறுநாளே, கோட்டை வரைபடத்திலிருந்த நாற்பது பிரெஞ்சு வார்த்தைகளுக்கும் இங்கிலீஷில் அர்த்தம் எழுதி நீட்டினார் துபாஷி வைகுந்தம். பீரங்கி மேடைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த அறைக்குப் 'பூத்ரியேர்' என்று பேர். அவர் எழுதிய அர்த்தம், கோயில்.

ஜெயித்ததற்கு அங்கேயே ஜெபம் செய்யலாம் என்று கேப்டன் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கோட்டையைப் பெருக்குகிற அருளாயி கதவை மறித்து நின்றாள். "உள்ள இருக்கறது வெடிமருந்து, தொரை."

"எழுத்து வாசனையே இல்லாத கழுதை, எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தர்றியா?" என்றார் துபாஷி. "பிரெஞ்சு சிப்பாய்ங்க இந்த வாசல்ல பூட்ஸைக் கழட்டிட்டு உள்ளே போனதை என் கண்ணால பார்த்தேன். கோயில் இல்லாம வேறென்ன?"

கேப்டனுக்கும் கொஞ்சம் தமிழ் வரும். "சாவி வருவதற்குள் நிரூபி. இல்லையென்றால் பன்னிரண்டு கசையடி."

அருளாயி அவன் காலைப் பார்த்தாள். "கோயிலுக்குப் போறப்ப நீங்க பூட்ஸைக் கழட்டுவீங்களா, தொரை?"

"இல்லை."

"அவங்களும் கழட்ட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பூசையில நானும் அவங்க பின்னாலதான் முழங்கால் போடுறேன். சாமிக்கே கழட்டாதவன் இங்க கழட்டினான்னா, பூட்ஸ் லாடத்துல பொறி பறந்துடுமோங்கற உயிர்ப்பயத்துலதான்."

கேப்டன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தான். குனிந்து பூட்ஸைக் கழற்றினான். கதவைத் திறந்தால், கூரை வரைக்கும் மருந்துப் பீப்பாய்.

மீதி முப்பத்தொன்பது இடங்களையும் அருளாயிதான் முன்னால் நடந்து காட்டினாள். பின்னாலேயே எழுதிக்கொண்டு போனார் வைகுந்தம், எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி.