வாயைக் கழற்றிய கருப்பட்டி

கார்களுக்கு வாய் இருந்த காலம் ஒன்று உண்டு. முன்பக்கம் இன்ஜினை மூடிக்கொண்டு ஒரு தகடு இருக்கிறதே, பானெட் என்கிறோமே, அதுதான் வாய். அதை அரை விரற்கடை தூக்கித் தூக்கி இறக்கிக் கார்கள் பேசின. பெட்ரோல் மட்டம் என்று குறை கூறின. இன்றைக்கு வெயில் அதிகம், நான் வரவில்லை என்று அடம்பிடித்தன. பக்கத்து வீட்டுக் காருக்குப் பெயின்ட் உரிந்துவிட்டால் அதை வைத்தே ஒரு வாரம் பேசின. மனிதர்கள் பேசுவதைவிட ஒன்றும் மோசமாகப் பேசிவிடவில்லை.

தென்கடலோரத்தில் உப்பளங்களுக்கு நடுவே ஓர் ஊர். அங்கே கருப்பட்டி என்று ஒரு கார் இருந்தது. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். வயதான கார், ஓட்டத்தில் ரொம்பவும் சுமார். ஆனால் வாய் இருக்கிறதே, எட்டு ஊருக்குக் கேட்கும். அதன் சொந்தக்காரி பிரகாசி, அந்த ஊரின் ஒரே மெக்கானிக். நாற்பது வயதுக்காரி, தனியாள். காலையில் அவள் பட்டறைக் கதவைத் திறந்ததும் கருப்பட்டி ஆரம்பித்துவிடும்.

"ஏட்டி பிரகாசி, மூஞ்சி கழுவினியா இல்லியா? கன்னத்துல கிரீசு அப்பிக் கெடக்கு. எதுத்தாப்புல வாரவன் பயந்துற மாட்டானா?"

"பயந்தா பயந்துட்டுப் போறான். உனக்கு மொதல்ல டயரக் கழுவுதேன், சும்மா கெட."

இப்படியே பொழுது போகும். இரண்டு பேருக்கும் வேறு துணை இல்லை. இருவரும் அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

அந்த ஊரில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சித்திரையிலும், கடலோரச் சேறு காய்ந்து தரை பலகை போல இறுகியதும், ஊரிலுள்ள பன்னிரண்டு வண்டிகளும் இரண்டு மைல் ஓட வேண்டும். கடைசியாக வந்து சேரும் வண்டியைக் காயலான் கடைக்காரர் ஞானதிரவியம் உடைத்து எடுத்துக்கொள்வார். அந்த இரும்பில் படகுக்கு நங்கூரமும் உப்பளத்துக்கு மண்வெட்டியும் அடிப்பார்கள். அந்த இடத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு புது வண்டி வரும். ஞானதிரவியம் பொல்லாதவர் இல்லை. சம்மட்டியை ஓங்குமுன் வண்டியிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷன்தான். ஆனால் ஓங்காமல் இருந்ததில்லை.

போன வருடம் உப்பு லாரி அய்யாக்குட்டிக்கு நடுவழியில் டயர் வெடித்தது. அதனால்தான் கருப்பட்டி தப்பித்தது. இந்த வருடம் யார் கடைசி என்று ஊரில் யாரும் பந்தயம்கூடக் கட்டவில்லை. அவ்வளவு நிச்சயம். கருப்பட்டிக்கும் தெரியும். பங்குனி பிறந்ததிலிருந்து அதன் பேச்சு குறைந்துபோனது. பிரகாசியின் கன்னத்துக் கிரீசைப் பற்றிக்கூட அது ஒன்றும் சொல்லவில்லை. 

ஓட்டத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அவள் காயலான் கடைக்குப் போனாள். கடைக்குப் பின்னால், ஈரச் சேற்றில், அய்யாக்குட்டியின் இன்ஜின் கிடந்தது. சம்மட்டிக்கு மசியாத இன்ஜின். பக்கத்தில் வெடிக்காத பின்சக்கரங்கள் இரண்டு சாய்ந்து கிடந்தன.

"அண்ணாச்சி, இதை நான் எடுத்துக்கிடட்டா?"

ஞானதிரவியம் சிரித்தார். "எடுத்துக்கோ தாயி. எட்டு நாள்ல எல்லாம் சேந்து எங்கிட்டதான வரப்போவுது!"

பிரகாசிக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளாமல் குனிந்து இன்ஜினின் உயரத்தைச் சாணால் அளந்தாள். மூன்று சாண். கருப்பட்டியின் பானெட்டுக்குள் மூன்று சாண் தாராளமாக அடங்கும். மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, கருப்பட்டியின் பழைய இன்ஜினை இறக்கி, புதியதை உட்காரவைத்தாள். உட்காரவைத்த பிறகுதான் தெரிந்தது. இன்ஜினின் அடிப்பாகம் ஒரு சாண் அளவுக்குச் சேற்றில் புதைந்திருந்திருக்கிறது. வெளியே தெரிந்ததை மட்டும் அவள் அளந்திருக்கிறாள். உப்பளத்துக்காரிக்குச் சேறு எவ்வளவு விழுங்கும் என்று தெரியாதா? தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டாள். இன்ஜின் நான்கு சாண். பானெட் மூடவில்லை.

"பானெட்டக் கழத்திரலாமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கழத்துவியா?" கருப்பட்டி பதறிப்போனது. "வாயில்லாம நான் உசுரோட இருந்து என்னட்டி பண்ண? உங்கூட யாரு பேசுவா? செவுரா பேசும்?"

 பிரகாசிக்கும் அதே பயம்தான். ஆகவே பானெட்டை இன்ஜினுக்கு மேலேயே சாய்த்து வைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்ததால் கருப்பட்டிக்குப் பேச்சு குழறியது. ஆனாலும் பேச்சு இருந்தது.

லாரி இன்ஜினோ நல்ல கனம். அந்தக் கனத்தை வேறெங்காவது குறைத்தாக வேண்டும். முன்னும் பின்னும் இருந்த பம்பர்களைக் கழற்றினாள். மட்கார்டு நான்கையும் கழற்றினாள். பின் சீட்டைத் தூக்கி வெளியே போட்டாள். காற்று தடுக்கக்கூடாது என்று கூரையைக்கூட ஒரு சாண் வெட்டி இறக்கினாள். பின்னால் அய்யாக்குட்டியின் பெரிய சக்கரங்களை மாட்டியதும் கருப்பட்டி முட்ட வரும் கிடாய் போல முகத்தைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் அது புலம்பாமல் இல்லை.

"சீலையும் போச்சு, ரவிக்கையும் போச்சு. இனி என்னத்தக் கழத்தப் போற? பேரையா?"

"பேரு கனமில்ல. அது இருக்கட்டும்."

எட்டு நாளும் பிரகாசி வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் அவளே முறுக்கினாள். எது எங்கே இறுகியிருக்கிறது, எது லேசாக ஆடுகிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது.

ஓட்டத்தன்று காலை பன்னிரண்டு வண்டிகளும் வரிசையில் நின்றன. உப்பு வியாபாரி தங்கப்பழத்தின் புதுக் கார் பவளம், சிவப்புப் பெயின்ட் மின்ன, கருப்பட்டியை மேலும் கீழும் பார்த்தது.

"ஐயோ பாவம், தலைக்குக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில இருந்து நேரா கூட்டியாந்துட்டியளா?"

எல்லா வண்டிகளும் சிரித்தன. கருப்பட்டிக்குச் சுருக்கென்று பதில் சொல்ல ஆசை. நாக்குக் குழறும் என்று சும்மா இருந்துவிட்டது.

கொடி இறங்கியது. அரை மைல்வரை கருப்பட்டி நன்றாகவே ஓடியது. பிறகு மூச்சு முட்டியது. கயிற்றால் கட்டிய பானெட், இன்ஜினுக்குக் காற்றுப் போகிற வழியை அமுக்கிக்கொண்டிருந்தது. சூடு ஏறியது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ஒரு மைல் கல்லை அடைந்தபோது கருப்பட்டிக்குப் பின்னால் யாருமே இல்லை. தூரத்தில், முடிவுக் கம்பத்தின் அருகே, ஞானதிரவியம் சம்மட்டியை நட்டுவைத்து அதன்மேல் கையூன்றி நிற்பது தெரிந்தது.

பிரகாசியின் இடுப்பில் கத்தி இருந்தது. கயிறு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் கத்தியைத் தொடவில்லை. கேட்காமல் ஒருத்தியின் வாயை எப்படி அறுப்பது?

 கருப்பட்டிதான் குழறிக் குழறிச் சொன்னது.

"ஏட்டி... இத்தன வருசம் நாந்தான பேசினேன். நீ கேட்டுட்டே இருந்த. இனியும் கேப்பியா?"

"கேப்பேன்."

"அப்ப அறுத்து விடு."

பிரகாசி அழுதுகொண்டேதான் அறுத்தாள். பானெட் காற்றில் எழும்பி, இரண்டு முறை புரண்டு, பின்னால் போய் விழுந்தது. திறந்த இன்ஜின் முழு மூச்சு இழுத்தது. அடுத்து எழுந்த சத்தத்தை அந்த ஊர் அதற்குமுன் கேட்டதில்லை. பேச வாயில்லாத ஓர் உயிர் நெஞ்சிலிருந்தே பேசியது. உப்புக் குவியல்களில் உட்கார்ந்திருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

முன்னால் போன பதினொரு வண்டிகளும் திரும்பிப் பார்த்தன. ஓர் இன்ஜின் பட்டப்பகலில், ஊர் பார்க்க, துணியில்லாமல் வருகிறது! ஆச்சரியத்தில் பதினொன்றும் வாயைப் பிளந்தன. வாய் என்றால் பானெட் அல்லவா? பதினொரு பானெட்டும் செங்குத்தாக நிமிர்ந்து கண்ணாடியை மறைத்ததும், ஓட்டியவர்களுக்கு வழி தெரியவில்லை. பிரேக்கைப் போட்டு அங்கங்கே நின்றுவிட்டார்கள். பிளந்த வாய் மூடாததால் மறுபடி கிளம்பவும் முடியவில்லை. நடுவில் புகுந்து கருப்பட்டி போனது. கம்பத்தைத் தாண்டியும் நிற்கவில்லை, கடல் தெரிகிறவரை போய்த்தான் நின்றது.

ஞானதிரவியம் தலையைச் சொறிந்தார். "வந்து சேந்தது ஒரே வண்டி. இத மொதல்னு சொல்லவா, கடைசின்னு சொல்லவா?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் பிரகாசி. கத்தியை இன்னும் கையிலேயே பிடித்திருந்தாள்.

அவர் கத்தியைப் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்த்தார். போன வருடம் தன் சம்மட்டிக்கு மசியாத இன்ஜின். மெதுவாக அதன்மேல் கையை வைத்து, சூடு தாங்காமல் உதறினார்.

"வந்தத உடைக்க முடியாது. வராத பதினொண்ணையும் உடைச்சா ஊரே நடந்துதான் போவணும். நங்கூரத்துக்கு வேற வழி பாப்போம்." சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டுப்பாடு அதோடு ஒழிந்தது.

மறுநாள் பிரகாசி சேற்றில் கிடந்த பானெட்டைத் தேடி எடுத்துவந்தாள். நெளிசலைத் தட்டி நிமிர்த்தினாள். "இனி ஓட்டம் கெடயாது. பழைய இன்ஜினையே வச்சு வாய மாட்டிரட்டா? பழையபடி பேசலாம்" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் பதில் சொல்ல அதற்கு வாய் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.   சாவியைத் திருப்பினாள்.

கருப்பட்டி உறுமியது. முதலில் நீளமாக, பிறகு இரண்டு முறை குட்டையாக. எந்த வால்வு எப்போது திறக்கிறது, எந்தக் குழாயில் காற்று எப்படித் திரும்புகிறது என்பது ஒவ்வொன்றும் அவள் கையால் அமைத்தது. அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு பானெட்டைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, சரி. கழுவுதேன்" என்றாள். கன்னத்தில் கிரீசு இருந்தது.

கருப்பட்டியின் பெயர் நாலாபுறமும் பரவியதும் மற்ற வண்டிகளுக்குப் பொறுக்கவில்லை. பவளம் தனக்கும் அதே போல வேண்டும் என்று அடம்பிடித்தது. தங்கப்பழம் ஆள் வைத்துப் பளபளக்கிற இன்ஜின் ஒன்றைப் பொருத்தி, பானெட்டைக் கழற்றினார். மற்ற வண்டிகளுக்கும் வரிசையாகக் கழற்றினார்கள். எல்லாம் பெருஞ்சத்தம் போட்டன. என்ன சொல்கின்றன என்று அவற்றின் சொந்தக்காரர்களுக்கு விளங்கவில்லை. பயந்துபோய்ப் பானெட்டைத் திரும்ப மாட்டினார்கள். கழற்றிய வாய் திரும்ப ஒட்டவில்லை, அது வெறும் மூடியாகிவிட்டது. நம் தெருவில் நிற்கும் கார்கள் எல்லாம் அப்படி ஊமையானவைதான்.

கருப்பட்டியின் வழியில் வந்தவற்றை இன்று ஹாட் ராட் என்கிறார்கள். பழைய உடம்பு, பெரிய இன்ஜின், தாழ்ந்த முகம், மூடி கிடையாது. இத்தனையும் இருந்தால் மட்டும் அது ஹாட் ராட் ஆகிவிடாது. அந்தச் சித்திரைக்குப் பிறகு, விவரம் தெரிந்தவர்கள் வண்டி உறுமும்போது வண்டியைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் அதற்குப் பதில் சொல்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள்.